‘சமாளிக்கிறன்’ என்றால் எத்தனை புள்ளி?

பிரித்தானியாவிலுள்ள தமிழ்க் கோயில் அறங்காவலர்கள், தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகள், பழைய மாணவர் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், தமிழ்க் கவுன்சிலர்கள் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பிப் (Personal Independence Payment) எனும் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு கேட்டவரைத் தொலைபேசியில் மதிப்பிடும்போது, “குளிக்கிறதுக்கு என்ன செய்யிறீங்கள்?” என்று கேட்பார்கள். எங்கள் அம்மாமார், ஐயாமாரிடமிருந்து அநேகமாக வரும் பதில் ஒன்றுதான்: “சமாளிக்கிறன்.” தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லுக்குள் ஒரு குடும்பமே தெரியும். மருமகள் தண்ணீரைப் பதமாகத் திறந்துவிடுகிறா. மகன் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்குகிறான். முதுகு தேய்க்க ஆளில்லாத நாளில் முகம், கைகால் கழுவுவதோடு சரி. மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார். மதிப்பீட்டாளர் ‘உதவியின்றிச் செய்யக்கூடியவர்’ என்று குறித்துக்கொள்கிறார். பூச்சியம் புள்ளி. மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

இந்த மடல் அந்தச் சொல்லைப் பற்றியது. அரசு கொண்டுவர நினைக்கும் மாற்றங்கள் வந்தால் அதற்கு நாங்கள் கொடுக்கும் விலை இன்னும் ஏறும்.

முதலில், என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ‘பிப் வெட்டை அரசு கைவிட்டுவிட்டது’ என்று வட்ஸ்அப்பில் ஓடிய செய்தி அரைவாசிதான் உண்மை. 2025 மார்ச் 18ஆம் திகதி வந்த அரசின் ‘பசுமை அறிக்கை’ எனும் கலந்தாலோசனை ஆவணத்தில் இரண்டு பெரிய வெட்டுகள் இருந்தன. ஒன்று பிப் மீது. பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதிக்கு 10 செயல்களில் புள்ளி போடுவார்கள். கூட்டி 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் உயர் வீதம். அந்தப் புள்ளிகளில் ஏதாவது ஒரு செயலிலாவது தனியே 4 இருக்கவேண்டும் என்பதுதான் புதிதாகச் சேர்க்க நினைத்த விதி. ஜூலை 1ஆம் திகதி, வாக்கெடுப்புக்குச் சில மணிநேரம் இருக்கும்போது, சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் அந்தப் பிரிவை அரசு விலக்கிக்கொண்டது. விலக்கிய விதியைக் குப்பையில் போடவில்லை. பிப் மதிப்பீட்டையே ஆராயும் மீளாய்வு ஒன்றிடம் விடயம் போயிருக்கிறது. அதற்குத் தலைமை தாங்குபவர்களில் ஒருவர் அமைச்சர் சேர் ஸ்டீபன் டிம்ஸ். அறிக்கை 2026 இலையுதிர் காலத்துக்குள் வரவேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது.

மற்ற வெட்டு நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் சட்டமாகிவிட்டது. குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவு எடுப்பவர் வேலைசெய்யவோ வேலைக்குத் தயாராகவோ முடியாத அளவு சுகவீனமாக இருந்தால், மேலதிகமாக ஒரு சுகாதாரத் தொகை கிடைக்கும். 2026 ஏப்ரல் 6க்கு முன்னரே அதைப் பெற்றுக்கொண்டிருந்தவருக்கு மாதம் 429.80 பவுண். அதற்குப் பின்னர் புதிதாக வருபவருக்கு 217.26 பவுண்தான், அந்தத் தொகையும் 2029-30 வரை ஏறாது. மாதத்துக்கு 212.54 பவுண் துண்டு விழுகிறது, வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். இதே சட்டத்தால் அடிப்படைத் தொகை கொஞ்சம் கூடியது என்பதையும் சொல்லவேண்டும்: 25 வயதும் அதற்கு மேலுமான தனிநபருக்கு 400.14 பவுணாக இருந்தது 424.90 ஆகியது. விழுந்த துண்டை அது அடைக்காது என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

நாலு புள்ளி விதி திரும்பி வந்தால் யாரைப் பிடிக்கும் என்று பார்ப்போம். மூட்டுவாதம் உள்ள 58 வயது அம்மா ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். உயரமான ஸ்டூலில் சாய்ந்திருந்துதான் சமைக்கலாம்: 2. குளியல் தொட்டியில் இருக்கை வேண்டும்: 2. கழிப்பறையில் கைப்பிடி வேண்டும்: 2. காலுறை, சப்பாத்து, கீழ் உடுப்பு போட ஒருவர் கைகொடுக்கவேண்டும்: 2. மொத்தம் 8. 2025-26 வீதப்படி வாரம் 73.90 பவுண். விதி மாறினால் அதே அம்மாவுக்கு அதே 8 புள்ளி, கையில் ஒன்றுமில்லை. அதோடு முடியவும் முடியாது. அவவை வாரம் 35 மணிநேரம் பார்க்கும் மகள், பராமரிப்பவருக்கான கெயரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் (அதே ஆண்டில் 83.30 பவுண்), அம்மாவின் அன்றாட வாழ்வுப் பகுதி நின்ற நாளே மகளின் காசும் நிற்கும். இரண்டும் சேர்த்து வாரம் 157.20 பவுண் அந்த வீட்டிலிருந்து போகிறது. யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் வீட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி ஓடும். ஓடும் திசை அதேதான். சுகாதாரத் தொகைக்காக நடக்கும் வேலைத்திறன் மதிப்பீட்டை 2028 அளவில் ஒழித்துவிட்டு, பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியையே சுகாதாரத் தொகைக்கும் ஒரே வாசலாக்கும் திட்டமும் அந்தப் பசுமை அறிக்கையில் இருக்கிறது. அது நடந்தால் ஒரு படிவம் பிழைத்தால் மூன்று கொடுப்பனவும் போகும்.

ஆகவே 2க்கும் 4க்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் சனம் தெரிந்துகொள்ளவேண்டும். அங்கேதான் தமிழ் எங்களுக்குக் காலை வாருகிறது.

நாங்கள் ‘உதவி’ என்ற ஒரே சொல்லால் சொல்லுவதைச் சட்டம் நாலாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாதனத்தின் உதவி: ஸ்டூல், கைப்பிடி, தடித்த பிடியுள்ள கத்தி. தூண்டுதல்: வேறொருவர் ஞாபகப்படுத்துவது, ஊக்குவிப்பது, விளங்கப்படுத்துவது. கண்காணிப்பு: ஆபத்து வராமலிருக்க ஒருவர் முழு நேரமும் பக்கத்தில் நிற்பது. நாலாவது, இன்னொருவர் தொட்டு, பிடித்து, தூக்கிச் செய்துவிடும் உதவி. வாயால் சொல்லுவது இதில் சேராது. சமையலில் சாதனத்துக்கு 2, தூண்டுதலுக்கும் 2, கண்காணிப்புக்கோ தொட்டுச் செய்யும் உதவிக்கோ 4. “சமைக்க மகள் உதவி” என்று படிவத்தில் எழுதினால் நாலில் எது என்பதை மதிப்பீட்டாளர் ஊகிக்கவேண்டும். அவர் ஊகிப்பது குறைந்த பக்கமாகத்தான் இருக்கும். “வலது கையில் பிடி இல்லை, கொதிக்கிற சட்டி இரண்டு தரம் வழுகிவிட்டது, இப்போது மகள்தான் சட்டியை இறக்குகிறா, மரக்கறியையும் அவதான் வெட்டுகிறா” என்று எழுதினால் ஊகிக்க ஒன்றுமில்லை.

சமையல் என்று அவர்கள் கேட்பது மூன்று கறியும் சோறும் இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். ஒரு ஆளுக்கு, ஒரு வேளைக்கு, புதிய பொருட்களைக் கொண்டு, இடுப்பு உயரத்துக்கு மேலேயுள்ள அடுப்பில் ஆக்கும் எளிய சாப்பாடு, அவ்வளவுதான். குனிந்து அவன் (oven) அடுப்பில் வைக்க முடியாது என்பதற்குப் புள்ளி இல்லை. கஞ்சி வடிக்கப் பானையைச் சரிக்க முடியாது என்றால், ‘சோறு வடிக்கேலாது’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த மணிக்கட்டு, எவ்வளவு பாரம், கடைசியாக எப்போது சுட்டது என்று எழுதவேண்டும். ரைஸ் குக்கர் இருக்கிறதுதானே என்பார்கள். இருக்கும். மரக்கறியை யார் வெட்டுவது?

இன்னொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நாலு புள்ளி தரும் விடயங்களில் சில எங்கள் வெட்கம் இருக்கும் இடத்திலேயே இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே கழுவ ஆள் வேண்டுமென்றால் 2. தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் கழுவ ஆள் வேண்டுமென்றால் 4. கீழ் உடுப்புக்கு உதவி 2, மேல் உடுப்புக்கு உதவி 4. மலசலகூடம் போனபின் சுத்தம் செய்ய இன்னொருவர் கை தேவையென்றால் 4. அடக்க முடியாமல் போகும் சிறுநீரையோ மலத்தையோ இன்னொருவர்தான் கவனிக்கவேண்டுமென்றால் 6, இரண்டுமென்றால் 8. நீரிழிவுக்காரருக்குத் தோள் இறுகிப்போவது சாதாரணம். கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத அம்மாவுக்கு உள்ளுடுப்புக் கொளுக்கியை மகள்தான் மாட்டிவிடுகிறா. சட்டப்படி அது மேல் உடுப்புக்குத் தொட்டுச் செய்யும் உதவி. மகன் மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் இருக்கும்போது எந்த அம்மா அதைச் சொல்லுவா? முன்பக்கம் கொளுவுகிற உடுப்பைப் போடலாமே என்று கேட்பார்கள். விரல் அந்தக் கொளுக்கியையாவது பிடிக்குமா என்பதற்கும் பதில் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

உடுப்பு என்றால் சப்பாத்தும் காலுறையும் சேர்த்தி. மாரிகாலம் முழுக்கச் செருப்போடு திரிகிறவர், நாள் முழுக்கச் சாரத்தோடோ வீட்டுச் சட்டையோடோ இருக்கிறவர், “எங்கட பழக்கம்தானே” என்று விட்டுவிடுவார். எது பழக்கம், எது முடியாமல் வந்தது என்று பிரித்துக் கேட்கவேண்டும். குளிக்கிற தொட்டிக்குள் வைத்த பிளாஸ்டிக் ஸ்டூலும் அப்படித்தான். நிற்க முடியாததால் அது வந்ததென்றால் சாதனம், 2 புள்ளி. ஊரில் வாளியில் குளித்த பழக்கம் என்று நினைத்து அதை எழுதாமல் விட்ட படிவங்களுக்குக் கணக்கில்லை.

சாப்பாட்டுக் கேள்வி இன்னும் விசித்திரமானது. மற்றப் பல செயல்களில் தூண்டுதலுக்கு 2தான். சாப்பிடுவதற்குத் தூண்டுதல் வேண்டுமென்றால் 4. மன அழுத்தத்திலோ, சித்திரவதைக்குப் பிந்திய மனவடுவிலோ இருப்பவருக்கு இது பொருந்தக்கூடும். ஆனால் தமிழ் வீட்டில் எல்லாரையும்தான் சாப்பிடக் கூப்பிடுவார்கள். “மனிசி கூப்பிடுவா, சாப்பிடுவன்” என்ற பதிலில் நோய் தெரியாது. கூப்பிடாமல் விட்ட நாளில் என்ன நடந்தது, இரவு கோப்பை அப்படியே இருந்ததா, எத்தனை கிலோ குறைந்தது, ஜீபி (குடும்ப வைத்தியர்) அதைப் பதிந்திருக்கிறாரா என்பதில்தான் தெரியும்.

புள்ளி போடும்போது கட்டாயம் பார்க்கவேண்டிய நாலு கேள்விகளை 2013ஆம் ஆண்டு பிப் விதிகள் சொல்லுகின்றன: பாதுகாப்பாகச் செய்யமுடியுமா, ஏற்கக்கூடிய தரத்தில் முடியுமா, தேவையான தடவை திரும்பத் திரும்ப முடியுமா, சுகதேகி எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள் முடியுமா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அந்தச் செயலைச் ‘செய்ய முடியாதவர்’ என்றே கொள்ளவேண்டும். 50 மீற்றர் நடக்கலாம், ஆனால் பிறகு அரை மணிநேரம் இருந்தால்தான் திரும்பலாம் என்பவர் 50 மீற்றர் நடக்கக்கூடியவர் அல்ல. இந்த நாலையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மேசையில் ஒட்டிவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது நாட்கணக்கு. செய்ய முடியாத அந்த நிலை வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கவேண்டும். இதில் அதிகம் அடிபடுவது சிறுநீரக நோயாளர். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணிநேரம் வைத்தியசாலையில் டயாலிசிஸ். சிகிச்சைக்கு என்று ஒரு செயல் இருக்கிறது, அதில் 12 மணிநேரத்துக்கு 6 புள்ளி வரும் என்று நினைத்து எழுதுவார்கள். வராது. அந்தச் செயலில் வீட்டில் செய்யும் சிகிச்சை மட்டும்தான் கணக்கு. சரி, டயாலிசிஸ் நாட்களில் சமைக்க முடியாது, குளிக்க முடியாது என்று எழுதினால் ஏழில் மூன்று நாள், பாதிக்குக் குறைவு, திரும்பவும் பூச்சியம். மறுநாள் காலையிலும் எழும்ப முடியாத சோர்வும் தலைச்சுற்றும் இருக்கிறதா? இருந்தால் திங்கள், புதன், வெள்ளியோடு செவ்வாய், வியாழன், சனியும் சேரும். ஒரு நாளில் ஒரு பொழுது அந்த நிலை இருந்தாலும் அது அந்த நாளுக்குரியதுதான். இரண்டு கிழமைக்கு ஒரு நாட்குறிப்பு வைத்தால் போதும்: திகதி, நேரம், எதைச் செய்யமுடியவில்லை, யார் செய்துவிட்டார்கள். நாலே நிரல். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம்.

இங்கிலீஷ் தெரியாது என்பதற்குப் புள்ளி இல்லை. வாசித்தல், பேசுதல் ஆகிய செயல்களைத் தாய்மொழியை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தப் பக்கங்களில் ‘இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது’ என்று எழுதி இடத்தை வீணாக்குகிறவர், அருகிலேயே தன் கண்பார்வைக் குறைவை எழுதாமல் விடுகிறார்.

மொழிபெயர்ப்பாளர் விடயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். முதல் அழைப்பிலேயே ‘தமிழ்’ என்று கேட்டால் இலவசமாக ஒழுங்குசெய்வார்கள். ஆனால் எந்தத் தமிழ்? யாழ்ப்பாணத்து அம்மா “கால் விறைக்குது” என்றால் உணர்ச்சியில்லை, மரத்துப்போகிறது என்று பொருள். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் அதைக் கால் விறைத்து இறுகுவதாக எடுத்துக்கொள்ளக்கூடும். நீரிழிவால் வந்த நரம்புச் சேதம் அந்த ஒரு சொல்லில் மூட்டு இறுக்கமாக மாறிவிடும். கால் தரையில் பட்டது தெரியாமல் விழுகிற ஆபத்து அறிக்கையில் வராது. “நாரி நோகுது” என்றால் இடுப்பா முதுகா என்று அவர் திகைப்பார். “ஏலாது” என்றால் முடியாதா, விருப்பமில்லையா? எதிர்த் திசையிலும் இது நடக்கும். மதுரைக்காரர் சொல்லுவது எங்களுக்கு விளங்காமல் போகலாம். அதனால் கேட்கும்போதே ‘இலங்கைத் தமிழ்’ என்றோ ‘இந்தியத் தமிழ்’ என்றோ குறிப்பிடச் சொல்லுங்கள். நோவைச் சொல்லும்போது உடம்பில் எந்த இடம், அதனால் எந்த வேலை நின்றது என்று சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். மதிப்பீட்டை ஒலிப்பதிவு செய்யும்படி முன்கூட்டியே கேட்கலாம். பிறகு தகராறு வந்தால் அந்தப் பதிவைப்போல் சாட்சி வேறில்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். காரணம் மேலே சொல்லியாகிவிட்டது.

காலக்கெடுக்கள் இவை. முதல் தொலைபேசி அழைப்பு எடுத்த திகதிதான் காசு தொடங்கும் திகதி; ஆகவே ஆவணம் சேர்த்துவிட்டு எடுப்போம் என்று பிந்தவேண்டாம். பெரிய படிவத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பவேண்டும். முடியாவிட்டால் கெடு முடியமுன்னரே எடுத்து நீடிப்புக் கேட்கலாம். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை. கேட்கும்போதே மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியையும் கேளுங்கள், அது இல்லாமல் வாதாடுவது இருட்டில் கல்லெறிவது. மீள்பரிசீலனையிலும் மறுத்தால் இன்னும் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. விசாரணை வரை போகும் பிப் வழக்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வருகிறது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மீள்பரிசீலனைக் கடிதத்தோடு ‘விடு’ என்று விட்டுவிடுகிறார்கள். ‘கோர்ட்’ என்ற சொல்லே போதும் பயப்பட. அங்கே நீதிபதி, வைத்தியர், மாற்றுத்திறன் பற்றி அறிந்த ஒருவர் என மூவர் ஒரு மேசையில் இருந்து கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: ஏற்கனவே கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருப்பவர் கூடுதலாகக் கேட்டுப் போனால், இருப்பதையும் குறைக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. போகமுன்னர் அனுபவமுள்ள ஆலோசகரிடம் காட்டவேண்டும்.

ஆவணங்களில் ஜீபியின் ‘இவருக்கு நீரிழிவும் மூட்டுவாதமும் உண்டு’ என்ற ஒற்றை வரிக் கடிதம் பெரிய பிரயோசனம் இல்லை. நோயின் பெயரை எவரும் மறுக்கவில்லை. அந்த நோயோடு என்ன செய்ய முடியாது என்பதுதான் கேள்வி. கவுன்சில் அனுப்பும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் அறிக்கை, வலிச் சிகிச்சை நிலையக் கடிதம், விழுந்து அவசரப் பிரிவுக்குப் போன பதிவு ஆகியவை பேசும்.

புதிய சட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, எங்களைக் குறிப்பாகத் தாக்கக்கூடியது. குறைத்த 217.26 பவுணுக்குப் பதில் முழுத் தொகையும் வேண்டுமானால், புதிதாக வருபவர் ஒன்றில் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கவேண்டும், அல்லது ‘கடும் நிலை’ நிபந்தனைகளைத் தாண்டவேண்டும். அதில் இயலாமை எப்போதும் இருக்கவேண்டும், வாழ்நாள் முழுக்க நீடிக்கவேண்டும், நோயை என்.எச்.எஸ் சேவையின் ஊடாகக் கண்டறிந்திருக்கவும் வேண்டும். யாழ்ப்பாணத்திலோ வேலூரிலோ கண்டறிந்து, இங்கு வந்தபின் ஜீபியிடம் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பவர் பலர். செல் (எறிகணை) விழுந்து பட்ட காயத்துக்கு ஊர் வைத்தியசாலைத் துண்டைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போதே ஜீபியிடம் பரிந்துரை கேட்டு, இங்குள்ள நிபுணரின் கண்டறிதலைப் பதிவில் ஏற்றிவைக்கவேண்டும். காத்திருப்போர் வரிசை நீளம். தேவை வந்தபின் தொடங்கினால் எட்டாது. ஒருநாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருக்கும் நோய்களுக்கு இந்த ‘எப்போதும்’ என்ற சொல் என்ன செய்யும் என்பதே எங்கள் பெரிய கவலை.

படிவம் தொடக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். அரச நிதிக்கு உரித்தில்லை என்ற நிபந்தனையோடு விசாவில் இருப்பவர் பிப் கேட்டால் விசாவுக்கே ஆபத்து. அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு அந்தத் தடை இல்லை. கடந்த 156 கிழமைகளில் 104 கிழமை இங்கே இருந்திருக்கவேண்டும் என்ற விதியும் அவரைக் கட்டாது. இதற்கு மேல் விசா பற்றித் தொண்டர்கள் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். கொடுப்பனவுப் படிவத்துக்கு உதவ அப்படிப் பதிவு தேவையில்லை.

ஊர்ப் பயணமும் கண்ணி. பிப் எடுப்பவர் 13 கிழமை வரை வெளிநாடு போய்வரலாம். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு ஒரு மாதம்தான். நல்லூர்த் திருவிழாவே 25 நாள். கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்னர் போய்த் தீர்த்தம் முடிந்து ஒரு கிழமை நின்றுவந்தால் மாதம் கடந்துவிடும். நெருங்கிய உறவினரின் மரணவீடென்றால் இன்னும் ஒரு மாதம் நீடிக்க இடமுண்டு, ஆனால் சொல்லவேண்டும். சொல்லாமல் போய்வந்து, பிறகு காசைத் திருப்பிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சொந்த வீடு இருக்கிறது, மகன் உழைக்கிறான், ஆகவே பிப் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்களிடம் சொல்லுங்கள்: பிப் வருமானமோ சொத்தோ பார்ப்பதில்லை, வேலைசெய்பவரும் எடுக்கலாம். யூனிவர்சல் கிரெடிட்தான் 16,000 பவுண் எல்லை பார்க்கும். ஊரிலுள்ள காணியையும் அங்கே கேட்பார்கள். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் புதிதாகக் கேட்பதானால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அது வேறு படிவம். ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதில் வேறு கொடுப்பனவு.

சுகவீன விடுப்புக் காசில் மட்டும் ஒரு நல்ல செய்தி: 2026 ஏப்ரல் 6 முதல் சட்டப்படியான கொடுப்பனவு முதல் நாளிலிருந்தே உண்டு, குறைந்த சம்பளக்காரருக்கும் உண்டு. வாரச் சம்பளத்தின் 80 வீதம் அல்லது 123.25 பவுண், எது குறைவோ அது. கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் பகுதிநேரம் நிற்பவர்களுக்கு இது புதிது. சம்பளத் துண்டு இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பது என்பது வேறு கதை.

இப்போது உங்களிடம் கேட்பது. கருத்தரங்கு வேண்டாம். மங்கள விளக்கு, பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். கதவு சாத்தக்கூடிய ஒரு சின்ன அறை, சனிக்கிழமை காலை, தமிழ்ப் பாடசாலை நடக்கும் அந்த மூன்று மணிநேரத்துக்கு வேண்டும். பெற்றோர் எப்படியும் வெளியே காருக்குள்தான் இருக்கிறார்கள். ஒரு மேசை, மூன்று கதிரை, பிரதியெடுக்கும் இயந்திரம். மண்டபத்தின் மூலையில் திரை கட்டித் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். பக்கத்து மேசையில் ஊர்க்காரர் இருந்தால் மேலே சொன்ன எதுவும் வாயால் வராது. ‘எந்த ஊர், ஆற்றை மகள்’ என்ற கேள்வி அந்த அறைக்குள் வேண்டாம். ஆண் தொண்டர் ஒருவரும் பெண் தொண்டர் ஒருவரும் இருக்கவேண்டும். ஒரு படிவத்துக்கு இரண்டு அமர்வு பிடிக்கும். முதல் நாள் பேச்சு மட்டும், அடுத்த கிழமை எழுத்து. ஒரு தொண்டருக்கு ஒரு காலையில் இரண்டு பேருக்கு மேல் போடாதீர்கள். மூன்றாவது ஆளுக்கு எழுதும்போது ‘உதவி’ என்ற ஒற்றைச் சொல் திரும்பி வந்துவிடும். எவருடைய கடிதத்தையும் தொண்டரின் கைத்தொலைபேசியில் படமெடுக்கக்கூடாது. பிரதி விண்ணப்பதாரரிடம் இருக்கட்டும்.

கவுன்சிலர்களுக்குத் தனியே ஒன்று. டிம்ஸ் அவர்கள் ஈஸ்ட் ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறி வாங்குகிற, மனோர் பார்க் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்கிற எத்தனையோ பேர் அவருடைய வாக்காளர். அவர்கள் தங்கள் உறுப்பினர் என்ற முறையிலேயே அவருக்கு எழுதலாம். மற்ற இடத்தில் இருப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதவேண்டும், ஏனென்றால் வேறு தொகுதிக் கடிதத்துக்குப் பதில் வராது. எழுதும்போது ‘ஏழைகளை வதைக்காதீர்கள்’ என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. நாலு விடயம் கேளுங்கள்: நாலு புள்ளி விதியைத் திரும்பக் கொண்டுவராதீர்கள், மொழிபெயர்ப்பாளரோடு நடக்கும் மதிப்பீடு ஒவ்வொன்றையும் கேளாமலே ஒலிப்பதிவு செய்யுங்கள், ‘எப்போதும்’ என்ற நிபந்தனையை மாறிமாறி வரும் நோய்களுக்குப் பொருந்தும்படி திருத்துங்கள், வெளிநாட்டில் கண்டறிந்த நோயை இங்குள்ள ஜீபி உறுதிசெய்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோரிக்கைக்குக் கையில் ஆதாரம் வேண்டும். அறைக்கு வரும் ஒவ்வொருவரின் சம்மதத்தோடு, பெயரில்லாமல், ஐந்து விடயத்தை ஒரு கொப்பியில் பதியுங்கள்: தமிழில் கேட்ட கேள்வி, தமிழில் சொன்ன பதில், அறிக்கையில் வந்த ஆங்கிலச் சொல், முதலில் கிடைத்த புள்ளி, மீள்பரிசீலனைக்கோ தீர்ப்பாயத்துக்கோ பிறகு கிடைத்த புள்ளி. இருபது முப்பது வரி சேர்ந்தாலே மீளாய்வுக்கு அனுப்பலாம்.

முதல் சனிக்கிழமை வருபவர் கொண்டுவரவேண்டியவை: தேசியக் காப்புறுதி இலக்கம், பச்சை மருந்துச் சீட்டின் வலப்பக்கத் துண்டு, கடைசி இரண்டு வருட வைத்தியசாலைக் கடிதங்கள், வந்த கடிதங்களின் உறைகளும், திகதித் தகராறில் சில நேரம் உறையின் முத்திரைதான் கைகொடுக்கும். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வரவேண்டாம், வீட்டில் இருக்கிறபடி வரட்டும். எந்தச் சனிக்கிழமையிலிருந்து அறை தரமுடியும் என்பதை மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
கொடுப்பனவுப் படிவங்கள் நிரப்ப உதவும் தொண்டர்கள்
லண்டன்